இரண்டு பேரேடுகள்: ரங்கூன் வட்டிக்கடைகளும் வணிகரின் பெயரும்

பர்மாவின் கொடுக்கல் வாங்கலை ஆராய்வதற்காக 1929-இல் அமைக்கப்பட்ட மாகாண வங்கி விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொன்ன கரேன் இனத்தவர் ஒருவர், செட்டியார் வட்டிக்கடைகளை, தாம் ஊர்ந்துபோகும் நிலத்தையெல்லாம் கருக்கிவிடும் நெருப்பு நாகங்களுக்கு ஒப்பிட்டார். கிராந்தம் என்பவரின் தலைமையில் இயங்கிய அதே குழு 1930-இல் வெளியிட்ட அறிக்கையோ நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கணக்கு ஒழுங்கை மதித்து எழுதியது. அவர்கள் வாங்கிய வட்டி, கடன் கொடுத்த பர்மியர்கள் வாங்கியதைவிடப் பொதுவாகக் குறைவு என்றும் பதிவு செய்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு பர்மாவின் ஆளுநராக இருந்த சர் ஹார்கோர்ட் பட்லர், செட்டியார்களின் முதல் வந்திராவிட்டால் அந்நாடு இவ்வளவு வளர்ந்திருக்காது என்ற கருத்தை வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

சாட்சி சொன்னவரும் பொய் சொல்லவில்லை, குழுவும் கண்மூடித்தனமாகப் புகழவில்லை. ஒரே ஆளுக்கு ஒரே காலத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. வணிகம் செய்பவரின் பெயர் அவருடைய பெரிய முடிவுகளால் அமைவதாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். காலையில் கடை திறக்கும் நேரம், கணக்கு எழுதும் கை, எதிரே நிற்பவரைப் பார்க்கும் பார்வை, மீதிச் சில்லறை கொடுக்கும் விதம் ஆகிய சின்னஞ்சிறு பழக்கங்களே அதை அமைக்கின்றன என்பதற்கும், அந்தப் பழக்கங்களை யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறிவிடும் என்பதற்கும், பர்மியத் தமிழரின் வணிக வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்பர்மா முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி டெல்டாவின் காடும் சதுப்பும் வயலாயின. 1850களில் பத்து லட்சம் ஏக்கர் அளவுக்குள் இருந்த நெல் நிலம் 1930களில் எண்பது லட்சத்தைத் தாண்டியிருந்தது. காட்டை வெட்டி, மாடு வாங்கி, முதல் அறுவடை வரை குடும்பத்தைக் காப்பாற்றுவதற்கு விவசாயிக்குப் பணம் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் அவன் வீட்டுப் படி ஏறவில்லை. செட்டிநாட்டிலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் ஏறினார்கள். 1930 அறிக்கையின்படி பர்மாவில் ஏறக்குறைய 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்கு விவசாயிகளிடம் இருந்தது.

இவ்வளவு பெரிய தொகை எந்த அடிப்படையில் கைமாறியது என்பதுதான் கேள்வி. ரங்கூனில் மொகல் தெரு என்று அன்று வழங்கிய, இன்று ஷ்வே போன்தா என்று பெயர் மாறியிருக்கும் தெருவில் ஒரு கடைக்கு மாலைக்குள் பணம் தேவைப்பட்டால், அடுத்த கடை அதைக் கொடுக்கும். அடமானம் கேட்பதில்லை. வங்கிகள்கூட இரண்டு செட்டியார் கடைகள் கையெழுத்திட்ட புரோநோட்டை நம்பிப் பணம் கொடுத்தன. தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசுக்கும் நேர்மைக்கும் வழங்குவது தற்செயலாக இருக்கலாம். மொகல் தெருவில் அந்த இரண்டு பொருளும் ஒன்றாகவே புழங்கின.

அந்த நாணயம் அன்றாடம் உருவாக்கப்பட்ட ஒன்று. பத்துப் பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகக் கடைக்குள் நுழைபவன், பாய் விரிப்பதிலும் மைக்கூடு நிரப்புவதிலும் தொடங்கி, சிட்டை எழுதுவது, பேரேட்டில் ஏற்றுவது, ஐந்தொகை எடுப்பது என்று படிப்படியாகப் பழகி அடுத்தாளாகி, பல ஆண்டுகள் கழித்தே, முதலாளியின் சார்பில் கடையை நடத்தும் ஏஜெண்டாக அமர்வான். அவன் கற்றது கணக்கு மட்டுமன்று. அன்றைய வரவுசெலவை அன்றே எழுதி முடிக்காமல் படுக்கக் கூடாது. முதலாளியின் பணத்தில் தன் சொந்தக் கணக்கை நுழைக்கக் கூடாது. ஆடம்பரமாக உடுத்தக் கூடாது. சூதாட்டக் கூடங்களின் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. இவை சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் ஏஜெண்டு ஒருவன் மாலையில் எங்கே போகிறான், யாரோடு பழகுகிறான் என்பதைத் தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. தெரு பார்த்தது அடுத்த கப்பலில் செட்டிநாட்டுக்குக் கடிதமாகப் போய்ச் சேர்ந்தது. மூன்றாண்டு ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் ஏஜெண்டுக்கு அடுத்த ஒப்பந்தம் கிடைக்குமா, அவன் தங்கைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமையுமா என்பதெல்லாம் அந்தக் கடிதங்களைப் பொறுத்திருந்தன.

கோயிலும் இதில் ஒரு கண்ணி. நகரத்தார் தாம் தொழில் செய்த ஊர்களில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். கடைகள் தம் தொழிலுக்கு ஏற்ப மகமை என்ற கோயில் பங்கைச் செலுத்தின. கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் நடப்பு வட்டியைத் தீர்மானிக்க மாதந்தோறும் கோயிலில்தான் கூடினார்கள். வட்டி விகிதம் முருகன் முன்னிலையில் முடிவாவதில் பக்தி இருந்தது. பக்தியைவிடக் கூடுதலாக, யார் வந்தார், யார் வரவில்லை, யார் முகம் வாடியிருந்தது என்பதைப் பார்க்கும் வாய்ப்பும் இருந்தது. தவணை நாளன்று பணம் கொடுக்காமல் காரணம் சொன்ன கடையைப் பற்றி யாரும் அறிவிப்பு ஒட்டத் தேவையில்லை. அடுத்த மாதம் அந்தக் கடையின் சீட்டை மாற்ற ஆள் இருக்காது.

ஒரு வணிகரின் பெயரைத் தாங்கி நிறுத்தும் பொறிமுறை இங்கே முழுமையாகத் தெரிகிறது. அவரை நாள்தோறும் பார்க்கும் கண்கள் வேண்டும். அந்தக் கண்களுக்கு உரியவர்கள் ஒருவரோடொருவர் பேச வேண்டும். பேசியதன் விளைவு வணிகரின் கல்லாப்பெட்டியைத் தொட வேண்டும். மூன்றும் மொகல் தெருவில் இருந்தன. ஆகவே அங்கே நல்ல பெயர் என்பது தனிப்பட்ட ஒருவரின் குணத்தால் மட்டும் வந்ததாகக் கருதுவது பிழை. குணமில்லாதவரும் ஒழுங்காக நடந்துகொள்ள நேர்ந்த ஏற்பாடு அது. இப்படிச் சொல்வது முன்னோரைக் குறைத்துச் சொல்வதாகச் சிலருக்குப் படலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்படியோர் ஏற்பாட்டைச் சட்டமும் காவலரும் இல்லாமல் கடல் கடந்து நடத்திக் காட்டியதே பெரிய காரியம்.

இப்போது கடையின் மறுபக்கத்துக்கு வருவோம். டெல்டாவில் ஒரு சிறு நகரம். வயல்வெளியிலிருந்து படகில் வந்து இறங்கும் பர்மிய விவசாயி. அவன் அந்த ஏஜெண்டை ஆண்டுக்கு எத்தனை முறை பார்ப்பான்? மழை தொடங்கி நடவுக்குப் பணம் தேவைப்படும்போது ஒரு முறை, அறுவடை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது ஒரு முறை, இடையில் இடர் வந்தால் இன்னொரு முறை. ஏஜெண்டின் ஒழுக்கமான முந்நூற்றுச் சொச்ச நாட்களும் அவன் கண்ணில் படுவதேயில்லை. அவன் பார்ப்பவை கைநீட்டும் நாளும் கணக்குத் தீர்க்கும் நாளுமே. இரண்டுமே மனிதன் தன்னைச் சிறியவனாக உணரும் நாட்கள். அந்த நாட்களில் கேட்ட ஒரு கடுஞ்சொல், காக்கவைக்கப்பட்ட ஒரு மணி நேரம், உட்காரச் சொல்லாமல் விட்ட ஒரு மறதி ஆகியவை அவன் மனத்தில் பெறும் எடை, கொடுத்தவருக்குத் தெரிவதில்லை.

பேரேட்டை எடுத்துக்கொள்வோம். நகரத்தாரின் கணக்குப் புத்தகங்கள் தமிழில் இருந்தன. அவற்றின் ஒழுங்கை அதிகாரிகள் மதித்தார்கள். மொகல் தெருவில் ஓர் எண்ணை யாரும் ஐயப்பட மாட்டார்கள். விவசாயிக்கோ அது படிக்க முடியாத எழுத்தில் அமைந்த ஒரு தாள். அசலில் எவ்வளவு கழிந்தது, வட்டி எவ்வளவு ஏறியது என்பதை அவன் ஏஜெண்டின் வாய்ச்சொல்லால்தான் அறிந்தான். தொழிலுக்கு வேண்டிய பர்மிய மொழியைப் பல ஏஜெண்டுகள் கற்றிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் பேசத் தெரிந்தவர் எழுதுவதைத் தன்னால் படிக்க முடியாதபோது, கணக்கு எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் நம்பிக்கை வராது. ஏமாற்றப்படாதவனும் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவான்; மறுத்துக் காட்டுவதற்கு அவன் கையில் எதுவும் இல்லை.

மூன்றாண்டு ஒப்பந்தம் உள்ளே பெயரைக் காத்தது என்று சொன்னோம். வெளியே அதுவே பெயரைக் குலைத்திருக்கும் என்று எண்ண இடமிருக்கிறது. “இந்த ஆண்டு வெள்ளம், அடுத்த அறுவடையில் பார்த்துக்கொள்வோம்” என்று ஓர் ஏஜெண்டு வாயால் கொடுத்த இணக்கம், அவர் கப்பலேறியதும் போய்விடும். புதிதாக வந்து அமர்பவர் பேரேட்டில் உள்ளதைத்தான் அறிவார். விவசாயி நினைவில் வைத்திருந்த நல்ல மனிதர் போய்விட்டார். கடையின் மார்க்கா மட்டும் அதே மார்க்காவாக இருந்தது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, சேர்த்ததை ஊருக்கு அனுப்பி, முறை முடிந்ததும் திரும்பிவிடுபவரை எந்த ஊரும் தன் ஆளாக நினைக்காது.

கடன் கொடுத்த பர்மியர்கள் வாங்கிய வட்டி கூடுதல் என்றால், அவர்கள்மேல் ஏன் அந்த அளவு வெறுப்பு திரும்பவில்லை? அவர்கள் சொந்த இனத்தவர் என்பது ஒரு விடை. அதற்குள் இன்னொரு விடையும் அடங்கியிருப்பதாகக் கருதுகிறேன். பௌத்த பர்மாவில் செல்வருக்கு மதிப்பு தருவது கொடை. பகோடா கட்டியவரைப் ‘பயா தகா’ என்று அழைக்கும் வழக்கம் உண்டு. அது அவர் பெயரோடு ஒட்டிய பட்டமாகிவிடும். கடும் வட்டி வாங்கிய உள்ளூர்ப் பணக்காரரும் அதே ஊரில் மடத்துக்குக் கூரை போட்டார், திருவிழாவில் சோறு போட்டார், இழவு வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். நகரத்தாரும் கொடையாளிகள்தாம், தமிழகத்துக் கோயில் திருப்பணிகளும் பள்ளிகளும் அதற்குச் சாட்சி. ஆனால் அந்தக் கொடையின் பெரும்பகுதி டெல்டா விவசாயியின் கண்ணுக்கெட்டாத தொலைவில், கடலுக்கு அப்பால் நடந்தது. அவன் கண்டது போகும் பணம் மட்டுமே.

1930 இறுதியில் நெல் விலை சரிந்தது; சில மாதங்களில் ஏறத்தாழப் பாதியானது. கடன்பட்டவனால் வட்டியும் கட்ட முடியவில்லை. நகரத்தாருக்கு நிலம் வேண்டாத சரக்கு. சுழல வேண்டிய பணம் சேற்றில் புதைவதை எந்த வட்டிக்கடைக்காரரும் விரும்ப மாட்டார். ஆயினும் அடமானம் மூழ்கியதால் நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கீழ்பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 5,70,000 ஏக்கர், அதாவது நூற்றுக்கு 6 பங்கு, செட்டியார்களிடம் இருந்தது. 1937-இல் அது சுமார் 24,46,000 ஏக்கராக, நூற்றுக்கு 25 பங்காக உயர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அன்றாட நடத்தை இன்னும் இனிமையாக இருந்திருந்தால் இந்தச் சரிவைத் தடுத்திருக்கலாம் என்று சொல்வது பேதைமை. உலகச் சந்தையில் விழுந்த விலையை மொகல் தெருவின் பணிவு தூக்கி நிறுத்தியிருக்காது. விற்கவும் அடமானம் வைக்கவும் ஏதுவாக நிலத்தை ஆக்கியது ஆங்கிலேயரின் ஆட்சிமுறை. நடத்தை தீர்மானித்தது வேறொன்றை: பழி யார்மேல் விழும் என்பதை. கண்ணுக்குத் தெரியாத சந்தையை யாரும் ஏசுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த பெட்டியையும் அதன் பின்னால் அமர்ந்த ஆளையும் ஏசுவார்கள். மே 1930-இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் இடையே மூண்ட கலவரமும், அந்த ஆண்டு இறுதியில் சாயா சான் தலைமையில் தொடங்கிய விவசாயிகள் கிளர்ச்சியும், 1938-ஆம் ஆண்டின் இந்திய எதிர்ப்புக் கலவரங்களும் வெவ்வேறு காரணங்களால் எழுந்தவை. ஆனால் அக்காலத்துப் பர்மியப் பேச்சிலும் கேலிச் சித்திரத்திலும் இந்தியச் சுரண்டலுக்கு முகமாக நின்றவர் செட்டியாரே. கூலிக்கு மூட்டை சுமந்த தமிழனும் அந்த முகத்தின் விலையைக் கொடுக்க நேர்ந்தது. ஒருவரின் பெயர் அவரோடு நிற்பதில்லை என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டுமா?

1942-இல் ஜப்பானியர் வந்தபோது இந்தியர் லட்சக்கணக்கில் கால்நடையாக வெளியேறினர். 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. வட்டிக்கடைகளின் காலம் முடிந்தது. 1962-இல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் 1964-ஆம் ஆண்டுக்குள் பெருங்கடை, சிறுகடை என்று பாராமல் எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் குடும்பங்கள் கப்பலேறின. சென்னையின் பர்மா பஜார் அவர்களில் ஒரு பகுதியினரின் புதுவாழ்வு.

தங்கியவர்களும் உண்டு. தான்லியின் அருகிலும் பகோ, மோல்மேன் பகுதிகளிலும் உழவும் சில்லறை வணிகமும் செய்து நிலைத்த தமிழர்களிடம் கோடிக்கணக்கான முதல் இல்லை. வங்கிகள் நம்பும் மார்க்கா இல்லை. 1982-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் பலருக்கு உறுதியான குடியுரிமையும் இல்லை. அவர்களுடைய பெயர் உருவானது முற்றிலும் மாறான சூழலில். இம்முறை அவர்களை நாள்தோறும் பார்த்த கண்கள் பர்மியருடையவை.

அந்தச் சூழலில் காசே நாணயம் தவறியது. 1964-இல் 50, 100 கியாட் தாள்கள் செல்லாதவையாயின. 1985-இல் மீண்டும் ஒரு செல்லாக்காசு அறிவிப்பு வந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் தாள்கள் ஈடு எதுவுமின்றி ஒரே நாளில் வெறும் தாளாயின. 2003-இல் தனியார் வங்கிகளின் வாசலில் பணம் எடுக்கக் கூட்டம் முண்டியது. 2021-ஆம் ஆண்டு ராணுவப் புரட்சிக்குப் பின் சொந்தக் கணக்கிலிருந்தே எடுக்கும் பணத்துக்கு வரம்பு வந்தது. அரசின் முத்திரை குத்திய தாளை நம்ப முடியாத ஊரில், “அடுத்த வாரம் தருகிறேன்” என்று சொல்லி அடுத்த வாரம் தருபவரின் சொல் தாளைவிட உறுதியான செலாவணியாகிறது. வெளிநாட்டில் உழைப்பவர் வீட்டுக்குப் பணம் அனுப்ப, வங்கி வழியாக அல்லாமல் கைமாற்றாகப் பணம் சேர்ப்பிக்கும் உண்டியல்காரரை இன்றும் நாடுவது இதனால்தான். ரசீது இல்லை, முத்திரை இல்லை. போன மாதம் சொன்ன நேரத்தில் பணம் வந்து சேர்ந்தது என்ற அனுபவம் மட்டுமே இருக்கிறது. ஒரு முறை தவறினால் அந்தத் தெருவே வேறு ஆளைத் தேடும்.

ரங்கூனின் இன்றைய பெயரான யாங்கூனின் அனவ்ரதா சாலையிலோ தெயின்ஜி சந்தையிலோ உள்ள மளிகைக் கடையில் பெயரைக் கட்டுவதும் இடிப்பதும் இன்னும் சிறிய செயல்கள். பருப்பும் வெங்காயமும் அங்கே பேய்த்தாவில், ஏறக்குறைய 1.63 கிலோவில் விற்கப்படுகின்றன. ஆங்கிலேயர் அதை ‘விஸ்’ என்று எழுதியது நம்முடைய வீசையைத்தான். அரிசிக்குப் பியி என்ற படி. படியைத் தலைதட்டி அளக்கிறாரா, கோபுரமாக அளக்கிறாரா என்பதை வாங்குபவர் ஒவ்வொரு நாளும் பார்க்கிறார். தராசு நிற்கும் முன் கையை எடுத்தாரா, ஈர மிளகாயை உலர்ந்ததோடு கலந்தாரா, கடையில் வேலை செய்யும் பர்மியப் பெண்ணை எந்தக் குரலில் அழைத்தார் என்பவையும் கணக்கில் ஏறுகின்றன. கடைசியில் சொன்னதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. வேலையாள் மாலையில் போய்ச் சேர்வது வாங்குபவர்கள் வாழும் அதே தெருவுக்குத்தான். கடையின் உள்விஷயம் அவர் வழியாகவே வெளியே போகிறது. முன்பு செட்டிநாட்டுக்குக் கடிதம் போக ஒரு கப்பல் தேவைப்பட்டது. இப்போது முகநூலுக்கு அதுவும் வேண்டாம்.

இடர்க் காலத்தில் இந்தக் கணக்கு ஒரே நாளில் பல ஆண்டு தூரம் ஓடிவிடுகிறது. மே 2008-இல் நர்கிஸ் புயல் டெல்டாவையும் யாங்கூனையும் அடித்துப் போட்டபோது மெழுகுவத்தி, தார்ப்பாய், குடிநீர் எல்லாமே அரிதாயின. அப்படிப்பட்ட வாரத்தில் இருக்கும் சரக்கைப் பழைய விலைக்கே, ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பவர் இழப்பது சில ஆயிரம் கியாட். மும்மடங்கு விலைக்கு விற்பவர் அந்தப் பணத்தைச் சம்பாதித்துவிடுவார். ஆனால் அடுத்த முறை சிறுபான்மையினரின் கடைகளைக் குறிவைத்து வதந்தி கிளம்பும்போது, கதவுக்கு முன்னால் வந்து நின்று “இவர் நம்ம ஆள்” என்று சொல்ல அவருக்கு யாரும் இருக்க மாட்டார்கள். பர்மாவில் தமிழ் வணிகருக்கு இது அணிக்காகச் சொல்லும் பேச்சன்று.

பெயருக்காகவே நடப்பதும் பயன் தராது என்பதைச் சொல்ல வேண்டும். விழா நாளில் மட்டும் அன்னதானம் செய்து, அதைப் படமெடுத்துப் பரப்பி, மறுநாள் படியைத் தலைதட்டுபவரை அண்டை வீட்டார் ஒருவாரத்தில் கண்டுகொள்வார்கள். அன்றாடம் பார்ப்பவர்களிடம் நடிப்பு நெடுநாள் நீடிக்காது. எப்போதாவது பார்ப்பவர்களிடம்தான் அது செல்லும்.

கடன் கொடுக்கும் பழக்கம் சிறு கடைகளில் இன்றும் இருக்கிறது. பண்டிகைக்கு முன் வாங்கிச் சம்பள நாளில் அடைக்கும் வாடிக்கைகள். கவனமான கடைக்காரர் அதற்கான நோட்டைப் பர்மிய எண்களில், பர்மிய எழுத்தில் எழுதுகிறார். தமக்கு விரைவாக வருவது தமிழாக இருந்தாலும் அப்படித்தான். எழுதி முடித்ததும் நோட்டை எதிரே நிற்பவர் பக்கம் திருப்பி வைக்கிறார். அந்த அம்மாள் விரலால் வரி வரியாகத் தொட்டுக் கூட்டிப் பார்த்துத் தலையசைத்த பிறகே, அதை மூடிக் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைக்கிறார்.